தாத்தா இறக்கி வைத்த பறை

அரூர்ப் பக்கம் எங்கள் காலனியில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களிடம் உபதேசியார் முதலில் சொன்னது, எதையெல்லாம் விட வேண்டும் என்பதைத்தான். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. செத்த மாட்டை அறுக்கக் கூடாது. குடிக்கக் கூடாது. ஊர்ச் சாவுக்குப் பறை அடிக்கக் கூடாது. என் தாத்தா முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினாராம். மூன்றாவதுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார்.

விசுவாசம் இல்லாமல் யோசிக்கவில்லை. பறை அடிப்பது எங்கள் வீட்டுக்குத் தொழிலாக இல்லை, ஊர் எங்கள் தலையில் கட்டிய வேலையாக இருந்தது. சாவு விழுந்தால் நடுராத்திரியானாலும் ஆள் வந்து கூப்பிடும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் போக வேண்டும். கூலி பேச முடியாது. களம் அடிக்கும்போது முறத்தில் கேழ்வரகு அள்ளிப் போடுவார்கள். சாவன்றைக்கு ஒரு பழைய வேட்டி, கொஞ்சம் சாராயம், தெருக்கோடியில் உட்கார வைத்துச் சோறு. அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் களத்துத் தவசம் நிற்கும், காட்டு வேலை நிற்கும், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வரப்பில் கால் வைக்க முடியாது. இன்று தியானக் கூட்டங்களில் கிறிஸ்துவை ஏற்கத் தடையாக இருப்பது எது என்று கேட்டால் ஆணவம், கோபம், பொருளாசை என்று பதில் வருகிறது. தாத்தாவுக்குத் தடையாக நின்றது வீட்டில் வேக வேண்டிய களி.

ஆனாலும் அவர் சேர்ந்தார். அதன்பிறகு ஊரில் விழுந்த முதல் சாவுக்கு ஆள் வந்தபோது, “நான் வேதத்துல சேந்துட்டேன் சாமி, இனிமே அடிக்கிறதில்ல” என்று கைகட்டி நின்று சொன்னாராம். கைகட்டும் பழக்கம் அன்றைக்கே போகவில்லை. வாய் மட்டும் மாறியிருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு முறம் தவசம்கூட வரவில்லை. குடும்பமே சேலம் பக்கம் கல் உடைக்கப் போயிற்று.

ஆயா அந்தப் பட்டினியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் சொல்லும். “அதுக்கப்புறந்தாண்டா உங்க தாத்தன் ராத்திரியில வூட்ல இருந்தாரு. குடிக்காத மனுசங்கூட அப்பத்தான் நான் மொத மொதல்ல பேசினேன்.” மனமாற்றத்தைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது எங்கள் மண்ணில்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அதைச் சேலம் ஜில்லாவில் தொடங்கினார். தருமபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியும் சாவு வீட்டுச் சாராயம் நிற்கவில்லை. குடிக்காமல் பறை அடிக்க முடியாது என்று ஊரும் நம்பியது, அடித்தவர்களும் நம்பினார்கள். அதனால்தான் தாத்தா இரண்டையும் ஒன்றாக விட்டார்.

அந்தப் பறையைச் சின்ன வயதில் பரண்மேல் பார்த்திருக்கிறேன். வேப்பமரச் சட்டம். தோல் சுருங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. விளிம்பில் புளியங்கொட்டைப் பசை காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். அடிகுச்சியும் சிண்டுக்குச்சியும் சட்டத்தில் செருகியபடியே கிடந்தன. தொட்டால் ஆயா கையிலேயே போடும். தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார். அவர் விரும்பி விட்டாரா, வேறு வழியில்லாமல் விட்டாரா என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

இப்போது என் மகள் பறை அடிக்கிறாள். கிறிஸ்துமஸ் கேரலுக்கு எங்கள் பங்கில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சிக்கொண்டு கிளம்புகிறார்கள். நள்ளிரவுத் திருப்பலியில் பாலன் இயேசு சுரூபத்தைக் குடிலுக்குக் கொண்டு போகும்போது முன்னால் போவது பறைதான்.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. அந்தந்த மக்களின் இசைக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அந்த இடம் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் சீக்கிரம் கிடைத்தது, பறை வெளியே நின்றது. புராட்டஸ்டண்டு பக்கம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பரட்டை அண்ணன் என்றால் பலருக்கும் தெரியும். 2005இல் இறந்துபோனார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, பெண் பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தார். பெண்கள் பறை அடிப்பதா என்று கேட்டவர்கள் எங்கள் சனத்திலேயே இருந்தார்கள். 2025இல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் பிள்ளைகள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள்.

அத்தைக்கு மட்டும் இதெல்லாம் ஆறவில்லை. கோயிலுக்குள் முதல்முறை பறை கேட்ட அன்று பாதிப் பூசையில் எழுந்து போய்விட்டது. “எங்கப்பன் எதுக்குடா பட்டினி கெடந்தாரு? இத மறுபடி தூக்கிக் கழுத்துல மாட்டிக்கவா?” என்று கேட்டது. அந்தக் கல் உடைத்த வருஷத்தில் அத்தைக்கு எட்டோ ஒன்பதோ வயது. கேட்பதற்கு அதற்கு உரிமை உண்டு.

நான் சொன்னேன்: தாத்தாவைப் பிடித்திருந்தது தோலும் மரமும் இல்லை அத்தை, கூப்பிட்டால் போயே தீர வேண்டும் என்ற கட்டளை. அதைத்தான் அவர் கர்த்தர் பேரைச் சொல்லி உடைத்தார். அவர் ‘மாட்டேன்’ என்று சொன்னதால்தான் இன்று உன் பேத்திக்கு ‘அடிக்கிறேன்’ என்று சொல்ல முடிகிறது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வருஷம் பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தது.

தாத்தா ஒன்றாக விட்ட பறை, குடி இரண்டில் பறையை நாங்கள் தேடிப் போய் எடுத்துக்கொண்டோம். இன்னொன்று தானாகவே வந்து சேர்ந்தது. 2003 நவம்பரில் டாஸ்மாக் மதுச் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. அதன்பிறகு எங்கள் காலனியில் நாற்பது வயதுக்குள் தாலியறுத்த பெண்கள் யார் யார் என்று எனக்குப் பேர் பேராகத் தெரியும். பறையைக் கோயிலுக்குள் விடலாமா என்று பங்குப் பேரவையில் பல கூட்டம் பேசினோம். குடியைப் பற்றி அதில் பாதி நேரம்கூடப் பேசவில்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. தாத்தாவின் மனமாற்றத்தில் எது உயிரான பாகமோ அதைத்தான் பரணில் போட்டுவிட்டோம்.

வேதத்தில் சேர்ந்ததற்கு அரசாங்கமும் ஒரு விலை வைத்திருந்தது. 1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. எங்கள் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றிருக்கும். ஆனால் ஊர்க்காரர் கண்ணில் நாங்கள் அதே காலனிக்காரர்கள்தான். திருச்சபைக்குள்ளும் சாதி ஒழியவில்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்காக எழுப்பிய சுவரை 1910இல் இடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், 2016இல் வந்த இந்திய ஆயர் பேரவையின் தலித் கொள்கை ஆவணத்தில் சாதிப் பாகுபாட்டைப் பெரும் பாவம் என்று இன்னும் எழுத வேண்டியிருந்தது.

போன மாசி மாதம் ஊரில் ஒரு பெரிய சாவு. பிள்ளைகளின் பறைக்குழுவைக் கேட்டு மகளுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

“வர்றோம்ணே. எட்டுப் பேரு. தொகை முதல்லயே பேசிடணும், பாதி முன்பணம். பந்தியில எல்லார்கூடவும்தான் உக்காந்து சாப்பிடுவோம். யாருக்கும் சரக்கு ஊத்தக் கூடாது. குடிச்ச பையன் அன்னிக்கிப் பறையைத் தொடக் கூடாதுன்னு எங்க குழுவுல சட்டம்.”

அந்தப் பக்கம் யாரிடமோ கலந்து பேசுகிற சத்தம் கேட்டது. முன்பணத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். பந்தியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

“கேட்டுட்டே கூப்பிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.