டீக்கடைத் தளபதி

டீக்கடைத் தளபதியை ஒரகடம் கூட்டுரோடு முதல் சுங்குவார்சத்திரம் வரை எந்தக் கடையிலும் பார்க்கலாம். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆள் இறக்கும் பிற்பகல் வேளை உத்தமம். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேஃப்டி ஷூ, கையில் பாதி டீ. முப்படையும் இவர் பொறுப்பில். இவருடைய லீவு மட்டும் சூப்பர்வைசர் பொறுப்பில்.

பிறவித் தளபதி அல்ல, அசெம்பிளி செய்யப்பட்டவர். பாகங்கள் நொய்டா ஸ்டுடியோக்களிலிருந்து வருகின்றன: சைரன் ஒலி, நெருப்பு கிராபிக்ஸ், மேஜையைத் தட்டும் தொகுப்பாளர். இந்தி தெரியாதது ஒரு குறையே இல்லை. கத்தலுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? வாட்ஸ்அப்பில் தமிழ் பெயின்ட் அடித்து, டீக்கடையில் கடைசிப் பூட்டு பூட்டுவார்கள். குவாலிட்டி செக் கிடையாது. லைனில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புகிற ஆள்தான் இவரும்.

2020 ஜூன் 15இல் கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்ததும், சீனப் பொருளை ஒழிக்கச் சொல்லி எல்லா குரூப்புக்கும் செய்தி அனுப்பினார், சியோமி போனிலிருந்து. போனைத் தூக்கிப் போடவும் வழியில்லை. அந்த நிறுவனத்தின் போன்களில் பல பூட்டப்பட்டதே ஸ்ரீபெரும்புதூரில்தான். அந்த நிறுவனமும் தன் கடைப் பலகைகளை ‘மேட் இன் இந்தியா’ என்ற பேனரால் மூடிவிட்டது. தளபதிக்கு மனம் ஆறிற்று.

2025 மே 7 அதிகாலை பாகிஸ்தான் மீது ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல். மறுநாள் இரவு சில சேனல்கள் கராச்சித் துறைமுகத்தைக் கொளுத்தின. இஸ்லாமாபாத்தைப் பிடித்தவையும் உண்டு. இரண்டும் நடக்கவில்லை. தளபதியோ நைட் ஷிப்ட் இடைவேளையிலேயே வெற்றியை அறிவித்து, நாலு பேருக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்துவிட்டார். 10ஆம் தேதி, நிகழ்ச்சிகளில் வான் தாக்குதல் சைரனைப் போடாதீர்கள் என்று மத்திய அரசே சேனல்களுக்கு அறிவுறுத்தியது. நிஜச் சைரன் ஊதும்போது ஜனங்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாதே! அன்று மாலை சண்டை நிறுத்தம். முதல் செய்தி தளபதி காதில் விழவில்லை, இரண்டாவதை அவர் நம்பவில்லை. வடைக் காசும் திரும்பவில்லை.

அதே பெஞ்சின் ஓரத்தில், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் வழக்கமாக உட்கார்ந்திருப்பார். இவருக்குச் சண்டையைப் பற்றிப் பேச ஒன்றுமிருக்காது. “சார், பார்டர்ல நிலவரம் எப்படி?” என்று தளபதி கேட்டால், “குளிர் ஜாஸ்தி தம்பி” என்பார். எந்தச் சேனலிலும் அப்படிச் சொல்லவில்லையே என்று தளபதிக்குச் சந்தேகம்.