பத்மநாபபுரத்தில் ஒரு பகல்

பள்ளியில் படித்த நாளில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவதென்றால், தக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கி, சோற்றுப் பொதியோடு வரிசையாக நடப்போம். இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வேளிமலை அடிவாரத்தில் கோட்டை வந்துவிடும். உள்ளே எங்களைத் தவிர நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். இப்போது பேத்தியோடு போனால், வெயில் ஏறுவதற்குள் இரண்டு மாநிலத்து வேன்களும் வாசலில் வந்து நிற்கின்றன. விடுமுறை நாளென்றால் பூமுகம் என்னும் முகப்புக் கூடத்தில் கால்வைக்க இடமிருக்காது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அடைப்பார்கள். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோதும் அரண்மனையின் பராமரிப்பு கேரள அரசிடமே இருந்துவிட்டது. ஆகவே கேரளத்து விடுமுறைகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படையில் சேர வந்தவன் தூக்கிக் காட்ட வேண்டிய உருண்டைக் கல், பெரிய சீனச் சாடிகள், மூலிகை மரங்களால் செய்ததென்று சொல்லும் கட்டில். அந்த வயதில் எங்களுக்கு அரண்மனை என்றால் இவைதான். காலடியில் கிடந்த தரை யார் கண்ணிலும் படவில்லை. இன்று என்னை நகரவிடாமல் நிறுத்துவது அந்தத் தரை. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்வார்கள். கருகருவென்று, முகம் தெரிகிற அளவுக்கு மின்னுகிறது. "பாட்டா, தண்ணி கெடக்கு" என்று பேத்தி கால் வைக்கத் தயங்கினாள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வெறுங்காலில் அந்தக் குளிர்ச்சியை உணராமல் இந்த வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்குள் நுழைந்ததும் இருட்டாகத்தான் தெரியும். உடனே நகர்ந்துவிட வேண்டாம். கொஞ்சம் நின்றால், அபிரகம் பதித்த வண்ண ஜன்னல்களின் வெளிச்சம் கண்ணுக்குப் பழகிவிடும். பூமுகத்தின் கூரையில் செதுக்கியிருக்கும் பூக்களை அண்ணாந்து பாருங்கள். 90 வகை என்பார்கள். தாய்க்கொட்டாரத்தில் பலா மரத் தூண் இருக்கிறது. பெரும்பாலும் ஒருவழியாகவே நடக்க வேண்டியிருப்பதால், விட்டதைத் திரும்பிப் போய்ப் பார்ப்பது கடினம். மரப்படிகள் செங்குத்தானவை, நிலைகள் தாழ்வானவை. மூட்டுவலி உள்ளவர்கள் மாடியைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். கீழ்த்தளத்திலேயே பார்க்க நிறைய உண்டு.

ஊட்டுப்புரையில் நான் எப்போதும் கூடுதலாக நிற்பேன். கீழும் மேலுமாக நீண்டு கிடக்கும் கூடம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணலாம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்குச் சோறு போட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும், எங்கள் பாட்டிகளின் பாட்டிகள், சாதியைச் சொல்லி மறுக்கப்பட்ட மேல்சீலையை உடுத்துவதற்கு 1859 வரை அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. இந்த வாசலை அவர்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வழிவந்த குழந்தை இன்று டிக்கெட் எடுத்து வந்து, பந்தி நடந்த இடத்தில் ஓடி விளையாடுகிறாள். பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் மரவேலையின் அழகோடு இந்த வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள். ராஜா எங்கே தூங்கினார் என்பதைவிட இது அவர்களுக்கு அவசியம்.

காலைப் பொழுது முழுவதும் அரண்மனைக்கே சரியாகிவிடும். தக்கலையில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து அங்கே அடக்கமானார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறது, நின்று வாசியுங்கள். மரநிழல் உண்டு, தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். பக்கத்தில்தானே என்று சுசீந்திரத்தையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். அந்தக் கோயிலுக்குத் தனியாக ஒரு பகல் வேண்டும்.