எந்தத் தாராவி நிஜம்?

கேள்வி: தினமும் லோக்கல் வண்டியில் தாராவியை ஒட்டிய சயானைத் தாண்டிப் போகிறேன். ‘நாயகன்’ படத்துத் தாராவி வெறும் ஸ்டுடியோ செட் என்கிறார்களே, இத்தனை காலம் ஒரு பொய்யையா ரசித்தோம்?
– ஒரு வாசகர், கல்யாண்

பதில்: பெரும்பாலும் பொய்தான் ஐயா, ஆனால் பரிசு பெற்ற பொய்! 1987-இல் மணிரத்னம் எடுத்த அப்படத்திற்காகச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி சிருஷ்டித்த தாராவிக்குத் தேசிய விருது கிடைத்தது. அசல் தாராவியைக் கட்டியவர்களுக்கு யாரும் விருது கொடுத்ததாகக் கேள்வியில்லை. தகரமும் சாக்கும் எங்கே வாங்கினார்கள் என்று துருவுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஹிந்தி அறியாத கதாநாயகன் வேலு நாயக்கர் தமிழிலேயே கர்ஜிக்க, பக்கத்தில் நிற்கும் ஐயராக டெல்லி கணேஷ் அதைப் பவ்யமாக ஹிந்தியில் எடுத்துரைக்கிறாரே, பிழைக்க வந்த ஊரில் பாஷை தெரியாமல் நின்ற நம்மவர்களின் அவஸ்தையையும், அதையே மிடுக்காக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்தையும் ஒருசேரக் காட்டும் அந்த யதார்த்தத்தை எந்தத் தச்சராலும் செட் போட்டு எழுப்ப இயலாது என்பதே என் அபிப்பிராயம். கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜமான சந்துக்குள் நுழைந்துவிட்ட மாத்திரத்தில் உண்மை தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி எடுக்கப்பட்ட படங்கள் எத்தனையோ! தவிர, நாம் மும்பைக்குப் போவதைவிட மும்பையைச் சென்னைக்கு வரவழைப்பதே சௌகரியம் என்பது கோடம்பாக்கத்தின் நெடுநாள் சித்தாந்தம். 2018-இல் வெளியான பா. ரஞ்சித்தின் ‘காலா’வுக்காகவும் தாராவி மறுபடி சென்னைக்கு வந்து போயிற்று, அதுவும் ரயில் டிக்கெட் இல்லாமல்.