இரட்டை அம்பு

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் வைத்தியக் குறிப்பு அனுப்புகிறார். விலகிவிடலாமா?

பதில்: வேண்டாம், கல்யாணச் சேதியும் வராமல் போய்விடும்! பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, செய்தியின் மேலே இருக்கும் இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். அது இருந்தால், பல கை மாறி வந்த சரக்கு என்று அர்த்தம். 2018இல் வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவில் உயிர்கள் போன பிறகுதான், வந்த செய்தியை ஒரு தடவைக்கு 5 பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனத்தார் செய்தார்கள். இரட்டை அம்புச் செய்திக்கு 2020இல் அந்த வரம்பு ஒன்றாகக் குறைந்தது. என் அம்மா இப்போது கண்ணாடியை மாட்டியதும் முதலில் அம்பைத்தான் தேடுகிறார். ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று குறிப்பு வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். உடனே பெரியப்பாவுக்கு போன் போடுங்கள். குழுவில் நாலு பேர் முன்னால் மறுத்தால் அவர் முகம் வாடிப்போகும்.