மணியோசையும் மாதாகோயிலும்

கேள்வி: கிறிஸ்துமஸ் நாளில் உலகெங்கும் ஒலிக்கும் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாடலில் இயேசுவின் பெயரே இல்லையே, ஏன்?

பதில்: இயேசு மட்டுமல்லர், கிறிஸ்துமஸும் அப்பாடலில் இல்லை. அமெரிக்கரான ஜேம்ஸ் லார்ட் பியர்பாண்ட் இயற்றி, 1857-இல் பாஸ்டன் நகரில் வேறொரு தலைப்பில் அச்சான இப்பாடல், ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில், அதாவது சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகள் பொருத்திய வண்டியில், விரைந்து செல்லும் இளைஞர்களின் உல்லாசத்தையே பேசுகிறது; பலரும் பாடாமல் விட்டுவிடும் பின்சரணங்களில் பக்கத்தில் ஒரு பெண்ணும், பனிமேட்டில் கவிழும் வண்டியும் வருவதால், தேவாலயப் பாடகர் குழு முதல் சரணத்தோடு நிறுத்திக்கொள்வது விவேகமே. பனியின்மீது அவ்வண்டி ஓசையின்றி வருமாதலால், எதிர்வருவோரை எச்சரிக்கவே குதிரைக்கு மணி கட்டினார்கள். ஆக, பக்தர்கள் மெய்ம்மறந்து பாடுவது போக்குவரத்துப் பாதுகாப்பு ஏற்பாட்டைத்தான்.

பாடல் முதலில் அரங்கேறியதும் கோயிலில் அன்று. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய ‘மின்ஸ்ட்ரல்’ எனும் கேளிக்கை மேடையில் அது பாடப்பட்டதை ஆய்வாளர் கைனா ஹாமில் 2017-இல் எடுத்துக்காட்டினார். இன்றைய தலைப்பு 1859-ஆம் ஆண்டின் மறுபதிப்பில் முன்னுக்கு வந்தது. பாடல் பிறந்த இடம் தங்கள் ஊரே என்று அமெரிக்க நகரங்களான மெட்ஃபோர்டும் சவானாவும் ஆளுக்கொரு பலகை நட்டு வழக்காடுகின்றன. அதற்குள் பாடலோ 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் ஏறி, வீரர்களின் மவுத் ஆர்கனிலும் சிறுமணிகளிலும் விண்வெளியில் ஒலித்துவிட்டது.