ரசீதோடு விருந்துக்கு வந்த அம்மையார்

மிளகுக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த பெரெனிகே துறைமுகத்திலிருந்து சில நாள் ஒட்டக நடையில், எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் இருக்கிறது வாடி சிகைத். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, மலைக்குள் மரகதம் மட்டும் உண்டு. ஊர் அதற்குச் சூட்டிய பெயர் கிளியோபாட்ரா சுரங்கம். அந்த வெயிலில் மகாராணி கால் வைத்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு நடிகையின் பெயரைப் போடுவது போலத்தான் இதுவும்.

கல்லும் சுமார் ரகம்தான். வெளிறிய பச்சை, உள்ளே ஏகப்பட்ட கீறல், மங்கல். சாம்பியாவின் காகெம் சுரங்கத்தில் இன்று கிடைக்கும் நல்ல கற்களில் இரும்பின் தயவால் லேசான நீலம் ஓடும், தெளிவும் இருக்கும். அவற்றின் பக்கத்தில் வைத்தால் சிகைத் கல் தலைகுனிந்துகொள்ளும். ரோமானியத் தட்டார்களோ பட்டை தீட்டும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. ஆறு பக்கப் படிகமாகப் பிறந்ததை அப்படியே துளைபோட்டுத் தங்கக் கம்பியில் கோத்துவிட்டார்கள். சீமாட்டிகளும் அதுதான் நாகரிகம் என்று அணிந்துகொண்டார்கள்.

கி.மு. 86 வாக்கில் ரோமானியத் தளபதி லுகுல்லஸ் உதவி கேட்டு எகிப்துக்குப் போனார். மன்னர் தாலமி கூட்டணிக்குக் கைவிரித்துவிட்டு, ஆறுதல் பரிசாகத் தங்கத்தில் பதித்த மரகதம் ஒன்றை நீட்டினார். லுகுல்லஸ் வேண்டாமென்றார். மன்னர் கல்லைத் திருப்பிக் காட்டினார். அதில் செதுக்கியிருந்தது மன்னரின் முகமே. இதை மறுத்தால் நடுக்கடலில் கதையை முடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் தளபதி வாங்கிக்கொண்டார்.

லொல்லியா பவுலினாவுக்கு இப்படியெல்லாம் யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பேரரசர் கலிகுலா கட்டி, சீக்கிரமே கழற்றிவிட்ட மனைவி. ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்குத் தலை, காது, கழுத்து, விரல் எல்லாம் முத்தும் மரகதமுமாக வந்து உட்கார்ந்தார். மதிப்பு, ரோமானியக் காசான செஸ்டர்ஸில் 4 கோடி. சுமார் 44,000 படைவீரர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் அது. நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இன்னொன்றும் சொல்கிறார். எவராவது விலையைச் சந்தேகித்தால் காட்ட, கணக்குச் சீட்டையும் அம்மையார் தயாராக வைத்திருந்தாராம். பணம் தாத்தாவுடையது. கீழை நாட்டு மன்னர்களிடம் லஞ்சம் சுருட்டி, மாட்டிக்கொண்டு, விஷம் குடித்துச் செத்த தாத்தா.

கி.பி. 48-இல் பேரரசர் கிளாடியஸ் மறுமணத்துக்குப் பெண் தேடினார். லொல்லியாவும் வரிசையில் நின்றார். ஜெயித்தவர் அக்ரிப்பினா. ஜெயித்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. ஜோசியம் பார்த்தாள் என்று குற்றம் சாட்டி லொல்லியாவை நாடு கடத்த வைத்தார். அத்தனை சொத்தில் கையில் விட்டது 50 லட்சம் செஸ்டர்ஸ். பின்னாலேயே, தற்கொலை செய்துகொள் என்று ஆளும் போயிற்று. லொல்லியாவின் தலை ரோமுக்கு வந்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. அக்ரிப்பினா தன் கையாலேயே வாயைப் பிளந்து, பல்வரிசையைப் பார்த்துச் சரிதான் என்று உறுதிசெய்துகொண்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ.