வாட்ஸ்அப் ஓடுது, வலைத்தளம் ஓடல!

கேள்வி: வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஜோராக ஓடுகிறது. வலைத்தளங்கள் மட்டும் காலையில் திறக்கின்றன, மாலையில் முரண்டு பிடிக்கின்றன. ஏன்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தளத்தின் பெயரைக் கேட்டு எண் முகவரியைத் தரும் டிஎன்எஸ் மீதுதான் சந்தேகம். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு அது. 'கூபேர் அவென்யூ' என்றால் விழித்துவிட்டு, 'பீச் ரோடு' என்றதும் கிளம்பும் ஆட்டோக்காரர் மாதிரி: வண்டியில் குறையில்லை, பெயர்தான் பிடிபடவில்லை.

மக்கர் செய்யும் நேரத்திலேயே சோதியுங்கள். கணினியில் 8.8.8.8-க்கு 'பிங்' கொடுங்கள். பதில் வந்தால் இணைப்பு நலம். அடுத்து 'என்எஸ்லுக்அப்' கட்டளையோடு தளத்தின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதையே கடைசியில் 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் முகவரியைச் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது தோற்று இரண்டாவது ஜெயித்தால், குற்றவாளி உங்கள் ரௌட்டர் அல்லது இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்.

ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். தீராவிட்டால் அதன் அமைப்பில் டிஎன்எஸ் கட்டங்கள் இரண்டையும் மாற்றுங்கள்: 1.1.1.1, 8.8.8.8. ஒன்றில் பழையதை விட்டுவைத்தால் கோளாறும் அவ்வப்போது தலைகாட்டும்.

போன கையோடு, ரௌட்டர் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஎன்எஸ்ஸைத் திருத்தி உங்களைப் போலித் தளத்துக்கு அனுப்ப, திருடனுக்கு அந்த ஒரு சாவி போதும்.